கேபிள் மகாத்மியம்

சங்கீதம் கேட்பதற்குக் காது இருந்தால் போதும் என்று இதுநாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். போதாதாம், கேபிள் வேண்டுமாம். அதுவும் 'பாலன்ஸ்டு' கேபிளாம்!

சொன்னவர் என் நண்பர், நல்ல ரசிகர். அவர் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் ஓயாத ஒரு 'ம்ம்ம்' கேட்டுக்கொண்டிருந்தது. சுருதி சேராத இரண்டாவது தம்பூரா மாதிரி. கடைக்காரர் ஒருவர் இரண்டு உபாயங்கள் சொன்னாராம். ஒன்று, ஸ்பீக்கரைவிட விலை கூடிய பாலன்ஸ்டு கேபிள். அதற்குப் பணமில்லையென்றால், பிளக்கில் தடித்து நிற்கும் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவது!

முதல் உபாயம் பணத்தோடு போகும். இரண்டாவது ஆளையே கொண்டுபோகும். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

சாதாரண ஆர்.சி.ஏ. கேபிளில் நடுவே ஓர் ஒயர்; சுற்றிலும் வலை போன்ற உலோக உறை. அந்த உறையே இரைச்சலைத் தடுக்கும் வேலியாகவும், மின்சாரம் திரும்பும் பாதையாகவும் இரட்டை உத்தியோகம் பார்க்கிறது. எக்ஸ்.எல்.ஆர். முனை கொண்ட பாலன்ஸ்டு கேபிளில் ஒயர்கள் இரண்டு, உறை தனி. வழியில் சேரும் இரைச்சல் இரண்டு ஒயர்களிலும் ஒன்றுபோலப் படிகிறது. வாங்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது, இரைச்சல் அடிபட்டுப்போகிறது, பாட்டு மிஞ்சுகிறது. அருமையான யுக்தி, நான் மறுக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக்கின் மில்லிவோல்ட் ஒலி பல மீட்டர் ஓடியும் பழுதில்லாமல் போய்ச் சேருவது இதனால்தான்.

நம் வீட்டில் தூரம் எவ்வளவு? ஒரு பெட்டிக்கும் மறு பெட்டிக்கும் நடுவே ஒரு மீட்டர்! அடுத்த தெருவுக்குப் போக ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட் எதற்கு?

"வித்தியாசம் காதிலேயே தெரிகிறதே!" என்பார்கள். தெரியும். பல கருவிகளில் பாலன்ஸ்டு வழியே வரும் வோல்ட் இரண்டு மடங்கு. அதாவது 6 டெசிபல் அதிகம். சத்தம் கூடினால் சுகமும் கூடியதாக நினைப்பது காதின் பழைய பலவீனம். இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள், அப்புறம் பேசுவோம். தவிர, இரண்டு கருவிகளும் உள்ளே பாலன்ஸ்டாக இருந்தால்தான் இந்தக் கழித்தல் ஒழுங்காக நடக்கும். வெறும் மூன்று பின் முனையை மாட்டிவிட்டால் ஆகிவிடாது.

நண்பர் வீட்டில் கருவிகள் இரண்டும் எதிரெதிர்ச் சுவர்களில் செருகப்பட்டிருந்தன. இரண்டு எர்த்துக்கும் இடையிலிருந்த சிறு வேற்றுமையால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கேபிளின் உறை வழியே வளைய வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினோம். 'ம்ம்ம்' அடங்கிவிட்டது. அப்படியும் அடங்காவிட்டால், அல்லது கேபிள் கூடத்தைக் கடந்து ஓட வேண்டியிருந்தால், பாலன்ஸ்டு வாங்குங்கள். அது தேவைக்கு வாங்கியதாகும், ஜம்பத்துக்கு அல்ல.

ஆனால் எர்த் பின்னைத் தொடாதீர்கள். உள்ளே ஓர் ஒயர் நைந்து உலோகப் பெட்டியில் பட்டால், அந்த மின்சாரத்தைத் தரைக்கு இழுத்து ஃபியூஸைப் போக்குவது அதுதான். அது இல்லாவிட்டால் தரைக்குப் போகும் வழி, பெட்டியைத் தொடும் உங்கள் கை!

இரைச்சலோடு பாட்டுக் கேட்டு யாரும் செத்ததில்லை.