சீவுளியைக் கண்ணாடிக்குள் பூட்டாதேங்கோ

பழைய சீவுளி சேர்க்கிறது இப்ப ஒரு மோஸ்தர். ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வாறவை, புங்குடுதீவிலும் வேலணையிலும் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து, அப்பப்பாவின் மரப்பெட்டியைக் கிண்டி, ஒரு படம் எடுத்துப் போடுகினம். கீழே "எங்கட பாரம்பரியம்" எண்டு ஒரு வரி. பிறகு அந்தச் சீவுளி ரொறன்ரோவிலோ பரிசிலோ ஒரு வரவேற்பறை அலுமாரிக்குள் போய் நிற்கும். வார்னிஷ் அடித்துச் சுவரில் தொங்கவிடுகிற சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. அலகு மழுங்கின சீவுளி வெறும் பாரம். அதைப் பாரம்பரியம் எண்டு சொல்லுறதுதான் எனக்குக் கோபம்.

இந்தப் பைத்தியம் எங்களுக்கு மட்டுமில்லை. ஸ்ரான்லி (யாழ்ப்பாணத்து வீதி இல்லை, அமெரிக்கக் கொம்பனி) 1869இலிருந்து லெனார்ட் பெய்லியின் வடிவமைப்பில் இரும்புச் சீவுளிகளைச் செய்து விற்றது. அவற்றில் நம்பர் 1 வெறும் ஐந்தரை அங்குலம். கைப்பிடியை முழுதாகப் பிடிக்கவே இடம் காணாது. அதுக்குத்தான் சேர்ப்பவர்கள் ஆயிரம் டொலருக்கு மேலே கொடுக்கிறார்கள். தச்சர்களின் கையில் தேய்ந்த நம்பர் 4க்கும் நம்பர் 5க்கும் அந்த மரியாதை கிடையாது. ஆரும் பெரிதாகப் பாவிக்காததுக்கு விலை, பாவித்ததுக்குக் குப்பை. இந்தக் கணக்கை நாங்களும் இறக்குமதி செய்யவேணுமா?

எங்கட தீவுகளில் இனி ஏதாவது மிஞ்சிக் கிடந்தால் அது இந்த நம்பர் 4 மாதிரி ஒண்டாகவோ, செபீல்டில் செய்த றெக்கோட்டாகவோ, தச்சர் தானே கட்டையைக் குடைந்து செய்த மரச் சீவுளியாகவோதான் இருக்கும். மிஞ்சினால்தான். 1990, 91 இடப்பெயர்வோடு ஊர்காவற்றுறையிலும் மண்டைதீவிலும் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. கதவும் நிலையும்கூடக் கழற்றிக்கொண்டு போகப்பட்டன. துருப்பிடித்த இரும்பைக் கிலோக் கணக்கில் நிறுத்தார்கள். ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது: பழைய ஸ்ரான்லியின் சில திருகாணிகளின் புரி இன்றைய கடைச் சாமானுக்குப் பொருந்தாது. ஒரு திருகாணி துலைந்தால் சீவுளியே முடங்கிப்போகும். அதால, உடைந்த சீவுளியையும் எறியக் கூடாது. அது இன்னொரு சீவுளிக்கு உயிர்.

"மெசின் இருக்கேக்க இது ஏன்?" எண்டு கேட்பீர்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டும் தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியே காலம் தள்ளின. சூரிய, காற்று மின் திட்டத்தை 2021இல் சீனக் கொம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா முகம் சுளித்தது, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடை ஒப்பந்தமாக மாறியது. வல்லரசுகள் வயரை ஆர் இழுக்கிறது எண்டு சண்டை பிடிக்கலாம். மாரியில் ஊதி இறுகின கதவுக்கு அதுவரை பொறுமை இல்லை. அதைக் கழற்றி மெசினுக்காகக் குறிகட்டுவானுக்குப் படகில் ஏற்றுவீங்களோ? கையில் ஒரு சீவுளி இருந்தால் அரை மணித்தியால வேலை.

அதுவும் வேம்பு. வேம்பின் நார் ஒரு பக்கமாக ஓடாது, மாறி மாறிப் பின்னிக் கிடக்கும். கவனமில்லாமல் சீவினால் பிய்த்துக்கொண்டு வரும். அலகின் முதுகில் இருக்கிற இரண்டாவது தகட்டை வெட்டுவாயிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் கிட்டக் கொண்டுவந்து, கடதாசி கனத்துக்குச் சீவினால், அதே மரம் கண்ணாடி மாதிரி வரும். இது அலுமாரிக்குள் நிற்கிற சீவுளிக்கு எப்பிடித் தெரியும்?

இன்னும் ஒண்டு. கருவியைக் கொண்டாடுகிற அதே வாய், அதைப் பிடிச்ச கையைச் சாதிப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. தச்சரைப் பந்தியில் எங்கே இருத்தினோம் எண்டதை மறந்திட்டு அவற்ற சீவுளியை மட்டும் "எங்கட" எண்டு சொல்லுறது களவு. பெட்டிக்குள் கிடக்கிறது உங்கட அப்பப்பா வாங்கினதோ, அவருக்குக் கதவு செய்த தச்சர் விட்டிட்டுப் போனதோ? முதலில் அதை விசாரிச்சுப் பாருங்கோ.

பைபர் வள்ளம் வந்த பிறகு ஓடாவிக்கு வேலை இல்லை எண்டும் சொல்லுவினம். உண்மைதான். காரைநகரில் நோர்வே உதவியோடு வந்த சீநோர், பைபர் வள்ளங்களைச் செய்தது. மீனவருக்கு அது லேசாக இருந்தது, அதில் பிழை பிடிக்க நான் ஆர்? ஆனால் வள்ளம் மாறினால் கதவும் கட்டிலும் வாங்கும் மாறவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. பலகைத்தூள் அலுமாரிகள் தீவுக்காற்றின் ஈரத்தில் ஊதி உதிர்கிறதைக் கண்ணால் காண்கிறோம்.

அதால, கிடைச்ச சீவுளியைக் கழற்றுங்கோ. துருவை எலுமிச்சம்புளியில் ஊறவைச்சு உரசுங்கோ, தீட்டுக்கல்லில் அலகைத் தீட்டுங்கோ. உப்புக்காற்று விடாது, வேலை முடிய ஒவ்வொரு முறையும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. நேரமில்லை எண்டால், தச்சு பழகுகிற ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ குடுத்திட்டுப் போங்கோ. வாற வருசம் நெடுந்தீவுக்குப் படகேறேக்க அலுமாரியில் நிற்கிறதையும் கொண்டு வாங்கோ. ஊதின கதவு கனக்க இருக்கு.