மணந்தவரைப் பிரிக்கும் சட்டம்

1945-ஆம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி லண்டன் நகரில், பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகாவின் காரியாலயத்தில், உத்தியோகஸ்தர் சிலர் கூடி ஓர் ஆலோசனை நடத்தினர். உலக யுத்தம் முடிந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. வெற்றிக்காக உழைத்தவர்களுக்கு எவ்விதம் நன்றி பாராட்டுவது என்பதன்று அவர்கள் ஆலோசித்த விஷயம். லிவர்ப்பூல் துறைமுகத்தில் தங்கியிருந்த சீன மாலுமிகளை எவ்விதம் நாட்டைவிட்டு அகற்றுவது என்பதே அவர்களுடைய கவலை. இதற்கென வைத்த தஸ்தாவேஜுக் கட்டுக்கு, விரும்பத்தகாத சீன மாலுமிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புதல் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அந்தக் கட்டு பல்லாண்டுகள் வெளியார் கண்ணில் படாமல் உறங்கிக் கிடந்தது. அதில் அடங்கிய அநீதியோ, லிவர்ப்பூல் நகரத்து எளிய வீடுகளில் ஒவ்வொரு நாளும் விழித்துக்கொண்டே இருந்தது.

அந்த மாலுமிகள் யார்? அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வேட்டையாடிக் கொண்டிருந்த காலத்தில், பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த வியாபாரக் கப்பல்களில் வேலை செய்தவர்கள். அவர்களில் பலர் ஷாங்காய் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கொடுத்த யுத்தப் படியைத் தமக்கும் கொடுக்கவேண்டுமென்று 1942-இல் வேலை நிறுத்தம் செய்து, ஒரு பங்கு நியாயத்தைப் பெற்றவர்கள். கூலியில் சமத்துவம் கேட்டவன் விரும்பத்தகாதவனாகிவிடுவது ஏகாதிபத்தியத்தின் அகராதியில் புதிதன்று. கடலில் உயிரைப் பணயம் வைத்தபோது இந்த அடைமொழியை யாரும் இவர்களுக்குச் சூட்டவில்லை. அபாயம் நீங்கிய பிறகே சூட்டினர்.

இவர்களுள் பலர் லிவர்ப்பூல் பெண்களை மணந்து இல்லறம் நடத்தி வந்தனர். பிட் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டியிருந்த சீனர் குடியிருப்பு 1941-இல் விமானத் தாக்குதலில் பெரிதும் அழிந்தது. அதன் பின்னரும் அக்குடும்பங்கள் அந்நகரிலேயே வேறு வேறு தெருக்களில் வீடு பிடித்து வாழ்ந்தன. கணவன் மாதக் கணக்கில் கடலில் இருப்பான். மனைவி தனியே குழந்தைகளை வளர்ப்பாள். மாலுமியின் மனைவி எவளுக்கும் இது வழக்கமே. ஆனால் இவளுக்கு மற்றொரு சுமையும் இருந்தது. 1914-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் பிரஜா உரிமைச் சட்டத்தின்படி, அன்னியனை மணந்த பெண் தானும் அன்னியளாகக் கருதப்பட்டாள். பிறந்த ஊரிலேயே இருந்து, பிறந்த பாஷையையே பேசி, பெற்றோரின் அடுத்த தெருவிலேயே வசித்தபோதிலும், அவள் போலீஸ் காரியாலயத்தில் அன்னியர் பதிவேட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியவளானாள். மாங்கல்யம் தரித்த நாளில் தேசத்தை இழந்தவள் என்று நம் வழக்கில் சொல்லலாம்.

ஆலோசனை செயலுக்கு வந்த விதத்தைக் கவனியுங்கள். மாலுமிகள் கரையிறங்கித் தங்குவதற்கான நிபந்தனைகளை மாற்றினர். திரும்பி வரும் பிரயாணத்துக்கு ஒப்பந்தமின்றி, ஒருவழிப் பிரயாணத்துக்கே அவர்களை ஏற்றினர். இணங்காதவர்களைத் தேடிப் போலீஸார் விடுதிகளிலும் தெருக்களிலும் புகுந்தனர். பிரிட்டனில் பிறந்த பெண்ணை மணந்தவன் அங்கே தங்க அனுமதி கோரலாம் என்பது உத்தியோகஸ்தருக்குத் தெரிந்தே இருந்தது. அதை அம்மாலுமிகளுக்கு எடுத்துச் சொல்லும் கடமையைத்தான் அவர்கள் மறந்தனர். 1946-ஆம் வருஷம் கோடை முடிவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்விதம் அகற்றப்பட்டனர். அப்போது பிரிட்டனை ஆண்டது தொழிலாளர் கட்சி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இக்காரியத்தின் கொடுமை அதன் ஓசையின்மையில் இருக்கிறது. கணவன் கடலுக்குப் போவதும், கடிதம் தாமதிப்பதும் அவ்வீடுகளுக்குப் பழகிப்போனவை. ஆகையால், போனவன் திரும்பவில்லையென்றால், அது சர்க்காரின் செய்கை என்று மனைவிக்கு எவ்வாறு தெரியும்? கைவிட்டுப் போய்விட்டான் என்றே பலர் எண்ணினர். அக்கம்பக்கத்தாரும் அப்படியே பேசினர். தந்தை தங்களை வெறுத்து ஓடிப்போனார் என்ற எண்ணத்தோடு குழந்தைகள் வளர்ந்தன. வறுமை தாளாமல் சில தாய்மார் குழந்தைகளைப் பிறருக்குத் தத்துக் கொடுத்தனர். ஒரு சர்க்கார் ஒருவனை நாடு கடத்தலாம். ஆனால் அவனைத் தன் மக்களின் நினைவில் துரோகியாக்கும் அதிகாரத்தை அதற்கு யார் கொடுத்தது?

உண்மையை ஊகித்து உணர்ந்த பெண்கள் சிலர் 1946-இல் ஒன்றுகூடி முறையிட்டனர். பத்திரிகைகளில் செய்தி வந்தது, பலன் வரவில்லை. கணவனைப் பின்தொடர விரும்பினால், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த சீனாவுக்குக் கைக்குழந்தைகளோடு செல்லவேண்டியிருந்தது. மணத்தால் தேசியத்தை இழக்கும் விதியைப் பிரிட்டன் 1948-ஆம் வருஷச் சட்டத்தால் நீக்கியது; அதற்குள் அவ்வீடுகள் சூனியமாகிவிட்டன. அக்குழந்தைகள் முதுமை எய்திய பிறகு, 2006-இல், லிவர்ப்பூல் துறைமுகக் கரையில் ஒரு நினைவுக் கல்வெட்டு நாட்டப்பட்டது. 2021-இல் அந்நகரத்து அங்கத்தினர் ஒருவர் பார்லிமெண்டில் விஷயத்தைக் கிளப்பினார். 2022-இல்தான் உள்நாட்டு இலாகா தன் பழைய கட்டுகளைப் பரிசீலித்து, பலாத்காரமும் இனத்துவேஷமும் கலந்திருந்ததை ஒப்புக்கொண்டது. எழுபத்தாறு வருஷங்கள்! அந்த ஒப்புதலைக் கேட்க எத்தனை மனைவியர் உயிரோடிருந்திருப்பர்?

இது பிரிட்டனுக்கு மட்டும் உரிய பாவமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1882-இல் சட்டமியற்றிச் சீனத் தொழிலாளருக்குக் கதவடைத்தன. 1907-இல், அன்னியனை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையை இழப்பாள் என விதித்தன. 1922-இல் அவ்விதி தளர்த்தப்பட்டபோதும், பிரஜையாகும் தகுதியற்ற ஜாதியானை மணந்தவளுக்கு அந்தச் சலுகை இல்லை. சீனரே அவ்வகுப்பில் முதல்வர். 1923-இல் பகத்சிங் திந்து என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்தியரையும் அவ்வகுப்பிலேயே சேர்த்தது. அதனால் நம் தேசபக்தர் தாரக்நாத் தாஸரை மணந்த அமெரிக்க மாது, பிறந்த நாட்டிலேயே நாடற்றவளாக நிற்க நேர்ந்தது. சீனன் வீட்டில் பற்றிய தீ இந்தியன் வீட்டுக் கூரைக்கும் தாவியது என்பதை நம்மவர் மறக்கலாகாது. அந்த விதியை அமெரிக்கா 1931-இல் ரத்து செய்தது.

நம் நாட்டின் நிலை என்ன? சட்டமும் சீட்டும் குறுக்கிடாத காலத்தில் நம் ஜனங்கள் நடந்துகொண்ட விதம் நமக்குப் பெருமை தருவது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான மலைச்சரிவுகளில் சீனர் சிலர் தங்கினர். ஏழைத் தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு எளிய ஜீவனம் நடத்தினர். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் நூல் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் இக்குடும்பங்களைத் தாமே கண்டு குறித்திருக்கிறார். அவ்வீடுகளால் நீலகிரிக்கு என்ன தீங்கு விளைந்தது? ஒன்றுமில்லை.

ஆயினும், ஊருக்கு உபதேசம் செய்து நம் வீட்டைப் பாராதிருப்பது அழகன்று. 1962 அக்டோபரில் சீனா நம் எல்லையில் படையெடுத்தபோது, அம்மாத இறுதியில் நம் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பகை நாட்டின் பிரஜையாக இருந்திருந்தாலும் போதும். அப்படிப்பட்டவரை அன்னியராக நடத்தலாம் என்பது அதன் சாரம். அஸ்ஸாமில் மாக்கும் என்னும் ஊரில், தேயிலைத் தோட்டங்களுக்காக வந்த சீனரின் சந்ததியார் அவ்வூர்ப் பெண்களை மணந்து தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். அவர்களும், ஷில்லாங், டார்ஜிலிங் முதலிய இடங்களில் இருந்தவர்களுமாகச் சுமார் 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அந்தத் தேவ்லி எது? 1941-இல் ஜயப்பிரகாச நாராயணரைப் பிரிட்டிஷார் விசாரணையின்றி அடைத்து வைத்த அதே தேவ்லிதான். சுதந்திரம் பெற்ற நாம் அச்சிறையை வேறொன்றுக்கு ஆக்கியிருக்கக் கூடாதா? குடும்பங்கள் பிரிந்தன, உடைமைகள் ஏலத்தில் போயின. 1963-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பலர், தாம் கண்டறியாத சீன தேசத்துக்கு அனுப்பப்பட்டனர். முகாமிலிருந்து கடைசியாக மீண்டவர்கள் வெளிவந்தது 1967-இல்.

யுத்தகாலத்தில் எச்சரிக்கை அவசியமென்பார்கள். அவசியந்தான், நாம் மறுக்கவில்லை. வாயிலைக் காக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு. அது சுயராஜ்யத்தின் அம்சம். போலி விவாகங்களால் புகுவோரும் உண்டு; ஒற்றரும் உண்டு. ஆனால் குற்றம் செய்தவனைக் கண்டுபிடித்து, அவன் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்லி, அவன் மறுமொழியைக் கேட்டுத் தண்டிப்பது ஒன்று. பாட்டனின் பிறப்பிடத்தைக் கணக்கிட்டு வீட்டையே குலைப்பது முற்றும் வேறொன்று. முன்னது அரசாட்சி; பின்னது அச்சத்தின் ஆட்சி. மேலும், ஒரு வீட்டில் ஒருவர் அன்னியரென்றால் மற்றவர் சொந்தப் பிரஜை. அன்னியரை அகற்றும்போது முதலில் அடிபடுவது அந்தச் சொந்தப் பிரஜையின் உரிமையே. இதை லிவர்ப்பூல் உத்தியோகஸ்தரும் உணரவில்லை; நம்மவரும் உணரவில்லை.

இன்று கப்பலுக்குப் பதில் விமானமும், போலீஸ்காரனுக்குப் பதில் விண்ணப்பத் தாளும் வந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ வரவழைக்க விரும்பும் பிரிட்டிஷ் பிரஜை, 2024 ஏப்ரலில் ஏற்பட்ட விதிப்படி, வருஷத்துக்கு 29,000 பவுன் வருமானம் காட்டவேண்டும். ஏழைக்கு விவாகம் உண்டு, சேர்ந்து வாழும் பாக்கியம் இல்லை என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன? சீனாவிலோ, குடும்பத்தோடு சேர்வதற்காக அனுமதிச் சீட்டுப் பெற்ற வெளிநாட்டு மனைவியோ கணவனோ அச்சீட்டை மட்டும் கொண்டு வேலை செய்ய இயலாது. இரட்டைப் பிரஜா உரிமையை 1980-ஆம் வருஷத்துச் சீனச் சட்டம் ஒப்புவதில்லை. நம் சட்டமும் ஒப்புவதில்லை. ஆகவே இந்தியரும் சீனரும் மணந்தால், இருவரில் ஒருவர் அனுமதிச் சீட்டை நம்பியே வாழவேண்டும். அல்லது பிறந்த நாட்டைத் துறக்கவேண்டும். எல்லையில் மனஸ்தாபம் நேரும்போதெல்லாம் அத்தகைய வீட்டில் உறக்கம் கெடும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. கணவன் மனைவியரில் ஒருவரை நாட்டைவிட்டு அகற்றும் எந்த உத்தரவும், காரணத்தை எழுத்தில் கூறி, இருவருக்கும் அறிவித்து, நியாயஸ்தலத்தில் வாதாட இடங்கொடுத்த பிறகே செல்லுபடியாகவேண்டும். தங்குவதற்கு அனுமதி பெற்றவருக்கு உழைத்துப் பிழைக்கவும் அனுமதி வேண்டும். உண்ண வழியின்றி உறைய மட்டும் இடங்கொடுப்பது தர்மமன்று. மூன்றாவது, தேவ்லியில் அடைபட்டவர்களிடம் நம் சர்க்கார் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்கவேண்டும். அவர்களுள் சிலர் கானடாவில் குடியேறி, அங்கிருந்து இதைக் கேட்டு வருகின்றனர். பொருளை அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை; தாம் துரோகிகளல்லர் என்ற ஒரு வார்த்தையையே கேட்கின்றனர்.

பிரிட்டன் அந்த வார்த்தையைச் சொல்ல எழுபத்தாறு வருஷங்கள் எடுத்துக்கொண்டது. கேட்கவேண்டியவர்கள் பெரும்பாலும் போய்விட்ட பிறகு சொன்னது. அந்த விஷயத்தில் பிரிட்டனைப் பின்பற்ற நமக்கு யாதொரு அவசியமுமில்லை.