ஆகாயத்து ஆராய்ச்சியும் தேவாரத்துப் பாடமும்

2024-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் என்னும் நமது துணைக்கோள் 650 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பப்பட்டது. தேசம் ஒரு நாள் களித்தது, மறுநாள் மறந்தது. எதற்காக அது சென்றது என்று வினவினால் விடை சொல்வோர் சிலரே. இது ஜனங்களின் குற்றமன்று; அவர்களுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டோரின் குற்றமாகும்.

விஷயம் விளங்காததன்று. தொலைவிலுள்ள சில நட்சத்திர மண்டலங்களின் நடுவே, கோடிக்கணக்கான சூரியர்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதன் அருகிலிருந்து, ஒளியின் வேகத்தையொட்டிய வேகத்தில் துகள்கள் தாரைகளாகப் பீறிட்டு எழுகின்றன. அவற்றுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? எக்ஸ் கிரணத் தொலைநோக்கிக்கு அவ்விடம் ஒரு புள்ளியே. ஆயினும் அக்கிரணங்களின் அதிர்வு எத்திசையில் சாய்ந்திருக்கிறது என்று அளந்தால், அங்குள்ள காந்தப் புலத்தின் ஒழுங்கு புலப்படும். இச்சாய்வே தளவிளைவு எனப்படுவது.

அமெரிக்காவும் இத்தாலியும் 2021 டிசம்பரில் அனுப்பிய ஐ.எக்ஸ்.பி.இ. என்னும் துணைக்கோள், 2022 மார்ச்சில் மார்க்கேரியன் 501 என்னும் மண்டலத்தை நோக்கியது. அதன் எக்ஸ் கிரணங்களில் தளவிளைவு சுமார் 10 சதவிகிதம். சாய்வு தாரையின் திசையிலேயே இருந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அது குறைவு. ஆகவே தாரையில் எழும் அதிர்ச்சி அலையே துகள்களை முடுக்குகிறதென்றும், அலையை விட்டு விலகுபவை வலுவிழந்து ஒழுங்கற்ற புலத்தில் கலக்கின்றன என்றும் விஞ்ஞானிகள் முடிவு கண்டனர்.

அக்கருவி அளப்பது 2 முதல் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை. 8 முதல் 30 வரை அளப்பது எக்ஸ்போசாட்டிலுள்ள நமது போலிக்ஸ் கருவி. திருச்சிராப்பள்ளி தந்த ஸர் சி. வி. ராமன் 1948-ல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையமே அதைச் செய்தது. நட்சத்திர ஒளியிலும் தளவிளைவு இருக்க வேண்டுமென்று 1946-ல் கணித்தவர், அவருடைய சகோதரர் புதல்வர் சந்திரசேகர். தமிழர் பெருமிதம் கொள்ள இவை போதாவோ?

ஆனால் பெருமிதம் மட்டும் போதாது என்பதற்கு நமது தேவாரமே சாட்சி. அருகிலுள்ள பொட்டிப்புரத்து மலையில் நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க, சுமார் 1500 கோடி ரூபாயில் மத்திய சர்க்கார் 2015-ல் அனுமதி அளித்தது. மலையும் நீரும் கெடுமோ என்று ஜனங்கள் அஞ்சினர். விஞ்ஞானிகள் கூறிய சமாதானம் அவ்வச்சத்தைத் தீர்க்கவில்லை. அனுமதிக்க இயலாதென்று 2022-ல் ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. குடியானவனின் அச்சத்தை அறியாமையென்று இகழ்வது அறிவுடைமையாகாது. ஆராய்ச்சியெல்லாம் சதியென்று கூவுவதும் அறிவுடைமையாகாது.

துணைக்கோளுக்கு யாருடைய மலையும் தேவையில்லை. ஆகவே யாரும் மறிக்கவில்லை. எனினும் இரண்டுக்கும் செலவாவது அதே குடியானவனின் வரிப்பணம். கணக்குக் கேட்க அவனுக்கு உரிமையுண்டு. அவனது பாஷையில் சொல்ல விஞ்ஞானிக்குக் கடமையுண்டு. எக்ஸ்போசாட் கண்டறிவதைத் தமிழில் வெளியிடுக. அதன் அளவைகளை நம் கல்லூரி மாணவர் கையாளப் பயிற்சி தருக. விண்ணை விளக்கிச் சொல்லப் பழகிய விஞ்ஞானம், நாளை ஒரு கிராமத்தின் வாயிலில் வந்து நிற்கும்போது அந்நியனாக நிற்காது.