திண்ணையில் எட்டுப் பேர் போதும்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்து பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் போட்ட படத்தைப் பகிர்ந்திருந்தேன். (விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடியது லினக்ஸ். சித்தி கேட்டதற்காகச் சொல்கிறேன்.) அதைப் பார்த்துச் சென்னையில் இருக்கும் என் மாணவன் ஒருவன், "எட்டுப் பேரால் என்ன ஆகும் டீச்சர்? பாண்டியில் 300 பேரைக் கூட்டி ஒரே நாளில் சொல்லிவிடலாமே" என்று எழுதினான். தம்பி, நாலாம் வகுப்பில் உன் கணக்கு நோட்டில் போட்ட சிவப்பு மையை இப்போதும் போடுகிறேன். தப்பு.

அப்படி ஒரு பெரிய கூட்டத்துக்கு நானும் போனேன். ஏறக்குறைய நாலு மணி நேர பஸ். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. கேள்விக்குக் கடைசியில் பத்து நிமிஷம். பையில் கொண்டுபோன லேப்டாப்பை வெளியே எடுக்காமலே ஊர் திரும்பினேன். நம்மூர் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்களே, கை நீண்டவனுக்குத்தான் கிடைக்கும். பின்னால் நிற்கிற குட்டைப் பிள்ளைக்கு நசுங்கியதுதான்.

2011 முதல் தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பக்கத்து நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பிள்ளைகள் வீட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாஸைத் திறந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஏன்? சிக்கினால் கேட்கப் பக்கத்துத் தெருவில் ஆள் இல்லை. கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்தது எப்படி? பள்ளிக்குப் பள்ளி பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார். திட்டம் பெரிதுதான், ஆனால் பிள்ளைக்குப் பதில் சொன்னவர் பக்கத்து வகுப்பறையில் இருந்தார்.

பெரிய கூட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதியவர்களுக்கு ஆசை வர அது வேண்டும். ஆனால் சென்னையில் ஐலக்-சி குழு பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடியில் கூடியதே, அந்த விடாமைதான் ஆட்களை வளர்த்தது. சின்னக் கூட்டத்துக்கும் ஒரு நோய் உண்டு, மறைக்க மாட்டேன்: நடத்துகிற பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் கூட்டம் படுத்துவிடும். அதனால்தான் கோட்டுச்சேரியில் ஒன்று, நிரவியில் ஒன்று, திருநள்ளாற்றில் ஒன்று என்று கேட்கிறேன். திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் ஞாயிறு மாலை வந்தால் போதும்.

அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்புகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். போன வாரம் அப்படிப் போகவிருந்த ஒன்றில்தான் ஒரு பெண் தமிழ்99 விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. மேடையில் அவளுக்கு யார் ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்கள்?

வரும் ஞாயிறும் மாலை நாலு மணிக்குத்தான். படங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள், போன வாரம் மூன்று பேர் மறந்துவிட்டார்கள்.