முடிப்பது நோயாளியின் கையாகட்டும்

நெடுநாள் சிகிச்சையில் இருப்பவரைக் காண வருவோர் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருவது நம் வழக்கம். அன்பின் அடையாளங்களாகிய அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், முறிந்த எலும்பு கூடும்வரை படுத்திருப்பவருக்கும், பக்கவாதத்திலிருந்து மெல்ல மீள்பவருக்கும் பசியினும் பெரிய துன்பம் ஒன்றுண்டு. உண்பது முதல் உடுத்துவது வரை அனைத்தையும் பிறரே செய்ய, தாம் செய்வதற்கென எதுவுமில்லை என்னும் நிலையே அது. அத்தகையோர்க்குப் பழைய பந்தயக் கார்களின் சிறு மாதிரிகளைக் கட்டும் கிட் ஒன்றை வாங்கித் தரலாம் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் ஹோண்டா ஆர்.ஏ.272 காரை 20இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டுள்ளது. கட்டி முடித்தால் ஏறத்தாழ ஒரு சாண் நீளமே இருக்கும். ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கு 1964இல்தான் வந்த ஹோண்டா, அடுத்த ஆண்டில் இந்தக் காரை ஓட்டியது. பல பந்தயங்களில் அது பழுதாகிப் பாதியிலேயே நின்றது. அவ்வாண்டின் கடைசிப் பந்தயமான மெக்சிகோ கிராண்ட் பிரீயில், ரிச்சி கிந்தர் ஓட்ட, அதே கார் முதலிடம் பெற்றது. ஹோண்டாவின் முதல் ஃபார்முலா ஒன் வெற்றி அதுவே. இவ்வரலாற்றை அறிந்து கட்டுபவருக்கு ஒவ்வொரு துண்டும் பொருளுடையதாகிறது.

இப்பணியின் சிறப்பு அதன் படிமுறையில் உள்ளது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டைக் குறடால் நறுக்குதல், பிசிறு நீக்குதல், எண் பார்த்து அடுக்குதல், இடுக்கியால் பற்றிப் பொருத்துதல் என ஒவ்வொன்றும் சிறியது. ஒவ்வொன்றுக்கும் முடிவு உண்டு. விரல்களும் கண்ணும் ஒத்துழைத்தாலன்றி எதுவும் நடவாது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையில் கைவினைப் பணிகளுக்கு நெடுங்காலமாகவே இடமுண்டு. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குக் கூடை முடைதலும் நெசவும் கற்பிக்கப்பட்டன.

வளர்ந்தவர்க்கு விளையாட்டுப் பொருளா எனச் சிலர் தயங்கக்கூடும். நூறு துண்டுகளை வரிசை தவறாமல் சேர்ப்பது விளையாட்டன்று. பொறுமையும் திட்டமும் வேண்டும் வேலை.

எச்சரிக்கைகளும் உண்டு. முதலில் மருத்துவரிடமோ சிகிச்சையாளரிடமோ கேட்டுக்கொள்க. பசையும் வண்ணமும் ஆவியாகி மூச்சுக்கு இடையூறு செய்யும். அவை வார்டுக்குள் வேண்டா. தொடக்கத்திற்குப் பசையின்றி அழுத்திப் பொருத்தும் கிட்டே ஏற்றது. ஆர்.ஏ.272 போன்றவற்றில் ஒட்டும் வேலையை வீடு திரும்பியபின், காற்றோட்டமான இடத்தில் செய்யலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், விரல்களில் உணர்ச்சி குறைந்தோரும் கூரிய கத்தியைத் தவிர்க்க வேண்டும். சிறு துண்டுகள் குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

இவை யாவற்றினும் முக்கியமானது குடும்பத்தாரின் கட்டுப்பாடு. நடுங்கும் விரல்களிலிருந்து சக்கரம் நழுவும்போது, "கொடுங்கள் அப்பா, நான் மாட்டிவிடுகிறேன்" என்று வாங்கிவிடத் தோன்றும். அந்த நொடியில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே பேருதவி. கீழே விழுந்ததை எடுத்துத் தரலாம், மூடியைத் திறந்து தரலாம், விளக்கைச் சரிசெய்யலாம். பொருத்தும் வேலை அவருடையது. ஒரு நாளில் ஒரு சக்கரம் மட்டுமே முடிந்தாலும் அது அவர் முடித்த சக்கரம். களைப்புற்றால் அவரே மூடி வைக்கட்டும். மறுநாள் அவரே திறக்கட்டும்.

மாதிரி கோணலாக நிற்கலாம். எண் சற்றுச் சாய்ந்து ஒட்டியிருக்கலாம். அவர் உறங்கும்போது அதைத் திருத்தி வைக்காதீர்கள். அப்படியே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள்.