ஏட்டில் ஏறாத மரணங்கள்

காவல் நிலைய ஏடுகளே சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போதிய ஆதாரம் என்று வாதிக்கும் அன்பர், 2016ஆம் ஆண்டின் சாலை விபத்து மரணங்களை இந்திய அரசு 1,50,785 என்று அறிவிக்க, உலக சுகாதார நிறுவனமோ 2,99,091 என மதிப்பிட்டதற்கு என்ன சமாதானம் சொல்வார்? மதிப்பீடும் அனுமானமே, அது மெய்தான். ஆயினும், முதல் தகவல் அறிக்கை குற்றத்தைப் பதியப் பிறந்த பத்திரமேயன்றிக் காயத்தின் காரணத்தை ஆராயப் பிறந்ததன்று. ஆகவே தானே சறுக்கி விழுந்த சைக்கிள்காரரும், மோதியவரோடு சமரசம் பேசி வழக்கின்றி வீடு திரும்பியவரும், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர்நீத்த பாதசாரியும் காவல் நிலையக் கணக்கில் சேராமலே போகக்கூடும். பிழை ஆண்டுதோறும் ஒரே அளவினதாகையால் போக்கு மாறாது என்கிறாரே, அந்தச் சமநிலையை அவர் எங்கே நிரூபித்தார்? விடுபடுவோர் நடந்து செல்லும் ஏழைகளாயின், நடைபாதைக்குரிய பணம் மேம்பாலத்துக்கல்லவா போய்ச்சேரும்!