ஏலப்பூவும் ரெண்டு முக்கோண மலையும்

செடியெல்லாம் எனக்குக் குழந்தை மாதிரி, யானை எனக்குத் தோழன் மாதிரின்னு ஓவியர்கள் பேட்டியில ஒரு வசனம் தவறாம வரும். எனக்கு அதுல ஒரு சந்தேகம் உண்டு மக்களே. பாசம் இருக்கறதால வரையறாங்களா, இல்ல வரைய உக்காந்ததால பாசம் வருதா? நான் ரெண்டாவது கட்சி.

ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை. 1853 வரைக்கும் அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுதிகள்ல மொத்தம் 2,101 படம். அவருக்காக வருஷக்கணக்கா உக்காந்து வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு நம்மாளுங்க. சம்பளத்துக்கு வரைஞ்சாங்க, சரி. ஆனா இலை நரம்பு எங்க பிரியுது, மகரந்தப் பை எப்படி வெடிக்குதுன்னு அத்தனை நேரம் பார்த்தவனுக்கு அந்தச் செடி அந்நியமாவா இருந்திருக்கும்? அவங்க மனசுக்கு நம்மகிட்ட இருக்கற சாட்சி அந்தப் படங்கள்தான். கோவிந்து பேர்ல ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே வைட் பேர் வெச்சார். (பின்னாடி வந்தவங்க அதை வேற இனத்தோட சேர்த்துட்டாங்க. கொடுமை!)

அடுத்து மா. கிருஷ்ணன். 1912ல திருநெல்வேலியில பிறந்தவர், அ. மாதவையாவோட மகன். மதராஸ் பிரசிடென்சி காலேஜ்ல பைசன்ங்கற தாவரவியல் பேராசிரியர் பின்னாடி நீலகிரி, கொடைக்கானல்னு சுத்தினார். பைசனோட மனைவிகிட்ட வாட்டர் கலர் கத்துக்கிட்டார். 1950ல ஆரம்பிச்சு 1996ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில பத்தி எழுதி, கூடவே இங்க் பேனாவுல தானே படமும் போட்டார். உருகி உருகி எழுதின ஆளு கிடையாது. கறாரா பார்த்தவர். அந்தக் கறார்லதான் எனக்குப் பாசம் தெரியுது.

இப்போ நம்ம தேவாரத்துக்கு வர்றேன். யானை மேல பாசம் வைன்னு எங்க ஊர் மலையடிவாரத்துல தோட்டம் வெச்சிருக்கறவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அடிக்க வருவார். மக்னா யானை உள்ள பூந்து தோட்டத்தையும் அழிச்சு ஆளையும் கொன்ன ஊர் இது. நியாயமான கோபம். அவரை உருகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா அதே யானையை வரையறதுன்னா தந்தமில்லாத அந்த முகத்தை அப்படியே வரையணும். தந்தம் ஒட்டவெச்சு சாமி ஊர்வல யானையா ஆக்கிட்டா அது யானைக்கும் துரோகம், அந்தத் தோட்டக்காரருக்கும் துரோகம்.

இன்னொரு கூத்து கேளுங்க. எங்க ஊர்ப் பிள்ளைங்க ட்ராயிங் நோட்டுல ரெண்டு முக்கோண மலை, நடுவுல உதிக்கிற சூரியன். ஜன்னலைத் திறந்தா நிஜ மலை நிக்குது, அதுவும் மேற்கால! எங்க மலையில சூரியன் விழத்தான் செய்யும், உதிக்காது.

போன மாசம் படம் வரையற ஏஐ ஒண்ணுகிட்ட ஏலச்செடி கேட்டேன். தண்டு நுனியில கொத்தா காய் தொங்கவிட்டுக் கொடுத்துச்சு. ஏலப்பூ தண்டு நுனியில வராதுங்க. செடி அடியில சரம் விட்டு, தரையோட தரையா பூக்கும். வெள்ளை இதழ்ல வயலட் கோடு. காலையில ஜீப்ல மலையேறிப் போய் குனிஞ்சு காய் எடுக்கற எங்க ஊர் அக்காக்கள் இதைப் பார்த்தா சிரிச்சே ஓட்டிருவாங்க. அந்தச் செடியை அவங்களை விடக் கிட்டத்துல பார்த்தவங்க யாருமில்ல. அவங்க கையில ஒரு பென்சிலைக் கொடுக்கணும்னு இதுவரைக்கும் யாருக்கும் தோணலையே, அதான் என் ஆதங்கம்.

எங்க ஊர் ட்ராயிங் வாத்தியார்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பூக்கற சீசன்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஒருநாள் மலையேறுங்க சார். ஜீப் வாடகை நான் தர்றேன் :)